லாப்ரடாருக்குப் பிரண்டை கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "எங்கள் ஆண் லாப்ரடாருக்கு ஒன்பது வயது, 41 கிலோ. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் மெலாக்சிகாம் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று என் மாமியார் பயப்படுகிறார். மஞ்சள், பிரண்டை, தெரிந்தவர் கொடுத்த ஒரு மூட்டுவலிச் சூரணம் இவற்றைக் கொடுக்கச் சொல்கிறார். உண்ணிக்கு வேப்பெண்ணெய் போதும் என்கிறார். வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா?"

சேர்க்கலாம். நானும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக மாடு, ஆடு, நாய், பூனை எல்லாவற்றையும் பார்த்து வருகிறேன். ஆனால் உங்களுடையது ஒரு கேள்வி இல்லை, நாலைந்து கேள்வி. மஞ்சளுக்கு ஒரு பதில், பிரண்டைக்கு ஒரு பதில், சூரணத்துக்கு முற்றிலும் வேறு பதில். வேப்பெண்ணெய்க்கோ பூனை இல்லாத வீட்டில் ஒரு பதில், இருக்கிற வீட்டில் இன்னொன்று.

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். மெலாக்சிகாம் வகை வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அதை மேலும் கெடுக்கலாம். அதனால்தான் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, சில வாரம் கழித்து இன்னொன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்கிறோம். வயதான நாயை வலியிலேயே விட்டுவைப்பதும் பாதுகாப்பான வழி இல்லை. வலியில் நாய் நடக்காது, நடக்காததால் தொடைச் சதை கரையும், சதை கரைந்த மூட்டு இன்னும் வலிக்கும். எனவே மாத்திரையை நிறுத்தாதீர்கள், பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நாய் வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான மெலாக்சிகாம் மலிவு என்று அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்குத் தொடர் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 41 கிலோ நாய்க்கு நாலு மில்லிகிராம் சொச்சம் வரும். மனிதர் மாத்திரை 7.5, 15 என்ற அளவில் வருகிறது. "அதே மருந்துதானே" என்று 15 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் போட்டால் மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு வேண்டவே வேண்டாம்.

சரி, மரபு வைத்தியத்துக்கு வருவோம். பலர் யோசிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நம்மிடம் மாட்டுக்கு வைத்தியம் உண்டு. குதிரைக்கும் யானைக்கும்கூட ஓலைச்சுவடிகள் உண்டு. நாயும் பூனையும் அப்போது திண்ணையிலும் கொல்லையிலும் கிடந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் வரும் வயது வரை ஆயுசு கிடைத்ததே அபூர்வம். இன்று நாய்க்குப் 'பாட்டி வைத்தியம்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனிதனுக்கோ மாட்டுக்கோ செய்ததைத் தூக்கி நாய் மேல் வைத்தது. பாட்டியின் அனுபவம் அதில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது.

மாட்டில் அந்த அனுபவம் உண்மையிலேயே இருக்கிறது, நான் அதை மதிக்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் மடிநோய், கோமாரி, வயிறு உப்பசம் போன்றவற்றுக்கு மூலிகை முறைகளை முறைப்படுத்தி விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தேசிய பால்வள வாரியமும் அவற்றைப் பரப்பியது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசுவது எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு மனப்பாடம். ஆரம்பத்திலேயே பிடித்தால் நல்ல பலன் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பாலில் ஆன்டிபயாடிக் கலப்பது குறைகிறது என்பது அதற்கு மேல் ஒரு லாபம்.

ஒருமுறை, குட்டி போட்ட பெண் நாய்க்கு மடி வீங்கியதும் அதன் வீட்டுக்காரர் இதே கலவையைப் பூசிவிட்டார். மாடு தன் மடியை நக்கிக்கொண்டிருக்காது. நாய் நக்கியது, குட்டிகளும் அதே காம்பில் வாய் வைத்தன. சுண்ணாம்பு பட்டு வாயெல்லாம் புண். கலவை நல்லதுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. பூசுகிற எந்த மருந்தானாலும் நாயிடமும் பூனையிடமும் அது தின்கிற மருந்தாகிவிடும். நம் வீட்டுத் தைலங்களுக்கும் இது பொருந்தும். மூட்டு வலிக்கிறதே என்று மனிதர் தேய்க்கும் பாமை நாயின் காலில் தேய்ப்பவர்கள் உண்டு. அதில் கற்பூரமும் மீதைல் சாலிசிலேட்டும் இருக்கும், இரண்டும் நக்கி உள்ளே போனால் விஷம்.

இப்போது மஞ்சள். சோற்றில் ஒரு சிட்டிகை போடுவதால் ஒன்றும் ஆகாது. நன்மையும் பெரிதாக இல்லை, தீமையும் இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் என்ற சத்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. மிளகு சேர்த்தால் உறிஞ்சுவது கூடும். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில் மிளகின் பைப்பரின் சேர்த்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடியதாகக் கண்டார்கள். எல்லோரும் இதைச் சொல்லி மிளகு சேர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் மிளகு கல்லீரலின் வேலையைத் தடுத்துத்தான் இதைச் சாதிக்கிறது. கல்லீரல் வழியாக வெளியேற வேண்டிய மற்ற மருந்துகளும் அப்போது ரத்தத்தில் தேங்கலாம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இது விளையாட்டு இல்லை. அதோடு மஞ்சள் சத்து அதிக அளவில் போனால் ரத்தம் உறைவது கொஞ்சம் தாமதமாகும். மெலாக்சிகாமும் வயிற்றில் கசிவு உண்டாக்கும் ஆசாமி என்பதால் இரண்டையும் ஒன்றாக அள்ளிப் போடுவதை நான் விரும்புவதில்லை. சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால் இரண்டு வாரம் முன்பே மஞ்சள் மாத்திரை, கேப்ஸ்யூல் வகைகளை நிறுத்திவிட்டு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

பிரண்டையைப் பற்றி எனக்கு ஒரு பிரியம் உண்டு, மறைக்கவில்லை. எலும்பு முறிவு சீக்கிரம் கூடுகிறதா என்று நம் நாட்டில் 1960-களிலேயே விலங்குகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், சாதகமான பலனும் கிடைத்தது. ஆனால் உங்கள் நாய்க்கு எலும்பு முறியவில்லை. மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. 'எலும்புக்கு நல்லது' என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டையும் அடைத்துவிடுகிறோம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் துவையலாகக் கொடுக்காதீர்கள். அதில் மிளகாய், பூண்டு, புளி, உப்பு எல்லாம் இருக்கும். பச்சையாகவும் வேண்டாம், பிரண்டை நறுக்கியவர்களுக்குக் கை அரிப்பு தெரியும், அந்த அரிப்பைத் தரும் ஆக்சலேட் நாயின் தொண்டையையும் விடாது. நாயின் சிறுநீரில் ஆக்சலேட் கல் இருந்ததாக எப்போதாவது சொல்லியிருந்தால் பிரண்டைப் பக்கமே போக வேண்டாம். இல்லையென்றால் இளந்தண்டை நார் உரித்து, நன்றாக வேகவைத்து, ஒரு ஸ்பூன் மசித்து, வாரம் இரண்டு நாள் சோற்றில் கலக்கலாம். மாமியாருக்கும் திருப்தி, நாய்க்கும் கெடுதல் இல்லை. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அந்தச் சூரணம் மட்டும் வேண்டவே வேண்டாம். கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஏன் என்பதற்கு என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வயதான அம்மா தன் நாய்க்கு ஏதோ கஷாயம் கொடுப்பதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். "இதையெல்லாம் இன்னுமா நம்புகிறீர்கள்" என்று கேட்டேன் என்றுதான் ஞாபகம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து அதே நாய்க்கு மூட்டுவலி. நான் வலி மாத்திரை எழுதினேன். பத்தாம் நாள் கறுப்பு மலத்தோடு, ஈறு வெளுத்துப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுப்புண்ணிலிருந்து ரத்தம் போயிருந்தது. மெதுவாக விசாரித்தபோது, யாரோ கொடுத்த பொட்டலத்துப் பொடியையும் தினம் கொடுத்துவந்தது தெரிந்தது. "போட்டதும் மறுநாளே ஓட ஆரம்பித்தது டாக்டர்" என்றார் மகன். மறுநாளே ஓட வைக்கும் மூலிகை எதுவும் எனக்குத் தெரியாது. ஸ்டீராய்டு அப்படி ஓட வைக்கும். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது நம் ஊரில் புதிய செய்தி இல்லை. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிறு ஓட்டையாகும் என்பது முதல் வருடம் படிக்கும் பையனுக்கும் தெரியும். அந்த நாய் பிழைத்தது, மயிரிழையில். அவர் மறைத்ததற்கு முதல் காரணம் என் சிரிப்பு.

அன்றிலிருந்து "மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா" என்று நான் கேட்பதில்லை. "வீட்டில் வேறென்ன கொடுத்துப் பார்த்தீர்கள்" என்று கேட்கிறேன். கொடுத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். சத்து டானிக், எண்ணெய், பொடி, ஹோமியோபதி உருண்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டுங்கள். இரண்டு வைத்தியம் சேர்வதில் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்துவிடும். சிரிக்கிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

இனி, உங்கள் நாய்க்கு நிஜமாகவே பலன் தரப்போகிற விஷயம். முழு உடலையும் பார்க்கிற வைத்தியம் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள பகுதி இதுதான், இதில் மருந்தே கிடையாது. 41 கிலோ அதிகம். ஆண் லாப்ரடார் 29 முதல் 36 கிலோவுக்குள் இருக்க வேண்டும். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்புகள் லேசாகத் தட்டுப்படுகிற மாதிரி விலாவும் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம். மூட்டு தேய்ந்த குண்டு நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், எடை ஆறு சதவீதம் அளவுக்குக் குறைந்ததுமே நொண்டுவது குறையத் தொடங்கியது. உங்கள் நாய்க்கு அது இரண்டரை கிலோ. எந்த மாத்திரையும் பக்கவிளைவு இல்லாமல் தராத பலன் அது.

இன்னொரு ஆய்வு லாப்ரடார்களையே வைத்துச் செய்தது. 48 நாய்கள், ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள், ஆயுள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. லாப்ரடார் எப்போதும் பசிக்கிற மாதிரி முகம் வைத்துக்கொள்ளும், அதன் பிறவிக் குணம் அது. அந்த முகத்தைப் பார்த்து இட்லி போடுகிறவர் யார் என்று வீட்டில் விசாரியுங்கள். பெரும்பாலும் தாத்தாவாக இருப்பார்.

சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் வெந்த பூசணி, பீன்ஸ், சுரைக்காய் சேருங்கள். வயிறு நிறையும், எடை ஏறாது. சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயத்துக்காக. நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். பூனைக்கு இன்னும் மோசம், கிலோவுக்கு ஐந்து கிராம் போதும். நாலு கிலோ பூனைக்கு நாலு சின்ன வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. பூண்டும் அதே குடும்பம். உண்ணி வராது என்று பூண்டு கொடுப்பதை விட்டுவிடுங்கள்.

மீன் எண்ணெய்க்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதிலுள்ள ஒமேகா கொழுப்பு மூட்டு வீக்கத்தைத் தணிக்கிறது. சில நாய்களுக்கு வலி மாத்திரையின் அளவைக் குறைக்க முடிகிறது. அளவை டாக்டரிடம் எடைக்கேற்பக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் மீன் எண்ணெய் வாங்குகிறீர்களா, மீன் ஈரல் எண்ணெய் வாங்குகிறீர்களா என்று பார்த்து வாங்குங்கள். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி அதிகம், நாள்பட்டால் அதுவே நோய். மத்தி மீனை உப்பில்லாமல் அவித்து முள் எடுத்துக் கொடுத்தாலும் சரிதான், அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டு.

அப்புறம் தரை. டைல்ஸ் போட்ட வீட்டில் இடுப்பு வலியுள்ள நாய் எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டு பக்கமும் வழுக்கும். பார்த்திருப்பீர்கள். அது படுக்கும் இடம், தண்ணீர்ப் பாத்திரம், வாசல் மூன்றையும் இணைக்கும் வழியில் ரப்பர் பாய் போடுங்கள். இல்லையென்றால் நகராத மாதிரி சாக்கைத் தைத்துப் போடுங்கள். நகத்தை வெட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஆறு நாள் கட்டிப்போடாமல், தினமும் இருமுறை பதினைந்து நிமிடம், வெயில் ஏறுமுன் மெதுவாக நடத்துங்கள். நீச்சல் மிக நல்லது. லாப்ரடாருக்குச் சொல்லித்தரவும் வேண்டாம். வாய்க்காலில் இறக்குவதானால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி அந்த வருடத்துக்குப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். பெருநகரங்களில் தண்ணீர்த்தொட்டிப் பயிற்சி, லேசர், அக்குபங்க்சர் வைத்திருக்கும் தனியார் கிளினிக்குகள் வந்திருக்கின்றன. அக்குபங்க்சர் முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ள சில நாய்களுக்கு மருந்தோடு சேர்த்துப் பயன்படலாம். இடுப்பு மூட்டுக்கு ஆதாரம் கலவையாகவே இருக்கிறது. காசு கையில் இருந்து, கால்நடை மருத்துவரே செய்வதாக இருந்தால் முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஹோமியோபதியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது, ஆதாரமுள்ள சிகிச்சைக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது என்று. என் கருத்தும் அதேதான்.

உண்ணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி இதுதான். நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதி நாய் மேல் இருப்பதே இல்லை. ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது ஊர்வலத்தின் தலைப்பகுதி மட்டும். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவினால் புதிதாக ஏறுவதைக் கொஞ்சம் விரட்டும், கடித்துக்கொண்டிருப்பதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. ஒரே ஒரு உண்ணி போதும், உண்ணிக் காய்ச்சலுக்கு. அதனால் ஃப்ளூராலனர், அஃபோக்சோலனர் போன்ற உண்ணி மாத்திரைகளை நான் தயங்காமல் எழுதுகிறேன். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகளில் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது. சுவர் வெடிப்பை அடைப்பதும், நாய்ப் படுக்கையை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைப்பதும், தினமும் காது மடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்ப்பதும் மருந்துக்குச் சமமான வேலை.

உண்ணிக் காய்ச்சலே வந்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் நாலு வாரம், முழுதாக. நம் ஆட்கள் உடனே பப்பாளி இலைச் சாற்றுக்குப் போவார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு கூடலாம், ஆனால் கிருமி சாகாது. தட்டணு ஏறியதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் அதன் பெரிய தீமை. தவிர, சாப்பாட்டையே முகர்ந்துவிட்டுத் திரும்பும் நாயின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றினால் அது அடுத்த வேளை சோற்றையும் நம்பாது. இன்னொரு சின்ன விஷயம்: டாக்ஸிசைக்ளினைப் பாலோடு கொடுக்காதீர்கள். கால்சியம் டானிக், பிரண்டை எல்லாவற்றுக்கும் அப்படியே. கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பூனை வேறு பிராணி. சின்ன நாய் என்று நினைத்துத்தான் பல பூனைகளைக் கொன்றிருக்கிறோம். நாயும் மனிதனும் பல பொருள்களை உடைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் ஒரு கல்லீரல் வழி பூனையிடம் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் காய்ச்சலுக்கு நாம் போடும் ஒரே பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். டீ ட்ரீ எண்ணெய், நீலகிரித் தைலம், கற்பூரம், கெட்டியான வேப்பெண்ணெய் எல்லாம் பூனைக்கு ஆபத்து. தடவிய மறுநிமிடம் நக்கத் தொடங்கிவிடும். உண்ணிக்காக நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பொடியும் சொட்டு மருந்தும் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் தரும். உங்கள் வீட்டில் பூனை நாயோடு ஒட்டிப் படுக்கிறது என்றால், நாய்க்குப் பூசுவதெல்லாம் பூனைக்கும் பூசியதுதான். நான் மாத்திரை வடிவ உண்ணி மருந்தைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு, அதன் வேரைக் கண்டால் பூனை புரண்டு விளையாடும். தோட்டத்தில் விளையாடட்டும், அரைத்துப் பூச வேண்டாம். சைவ வீடு என்றால் பாலும் சோறும் மட்டும் வைத்துப் பூனையை வளர்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாமல் பூனைக்குக் கண் போகும், இதயம் வீங்கும்.

மூலிகைக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். என் கிளினிக்கில் அடிக்கடி பயன்படும் ஊசிகளில் ஒன்று வின்கிரிஸ்டின். தெருநாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி வரும். இனச்சேர்க்கையில் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும் புற்றுநோய். வாரம் ஓர் ஊசி, நாலிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலும் முழுதாக மறைந்துவிடும். அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. நம் வாசலில் பூக்கிற அதே செடி. ஆனால் இலையை அரைத்து ஊற்றினால் கட்டி கரையாது, நாய்தான் சாகும். செடியிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, எடைக்கேற்ப அளந்து, ரத்தக்குழாய்க்கு வெளியே ஒரு சொட்டுக்கூட சிந்தாமல் ஏற்ற வேண்டிய மருந்து அது. பாம்புக்கடிக்கும் அதே கதைதான். சிறியாநங்கை தின்னக் கொடுத்து நேரத்தை விடுகிறார்கள். பாம்பை அறிந்த இருளர்களோ, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்து நஞ்செடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்கு ஏற்றித் தயாரிக்கும் விஷமுறிவு மருந்துதான் மனிதனுக்கும், உங்கள் நாய்க்கும். பழைய அறிவும் புதிய மருந்தும் சேர்வதென்றால் இதைத்தான் நான் காட்டுவேன்.

வீட்டு வைத்தியத்துக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் ரத்தப்பேதியும் வந்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாதுளந்தோலும் தயிரும் போதாது, ரத்தக்குழாயில் திரவம் ஏற வேண்டும். ஆண் பூனை மணலில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வராவிட்டால் வாழைத்தண்டுச் சாறு தேடாதீர்கள், இரண்டு நாளில் செத்துவிடும். பெரிய மார்புள்ள நாய் வெறும் வாந்தி முயற்சியோடு வயிறு உப்பி நின்றால் ஓமத்தண்ணீர் வேண்டாம், வண்டியை எடுங்கள். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய் பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கலாம். வெறிநாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தடுப்பூசிக்குப் போக வேண்டும். மனிதனானாலும் நாயானாலும் அந்த நோய்க்கு மூலிகை இல்லை, நோய் வெளியே தெரிந்த பிறகு ஊசியும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. மெலாக்சிகாம் டாக்டர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு. ரத்தப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே. மீன் எண்ணெய் சேர்க்கலாமா என்று அப்போதே கேளுங்கள். மஞ்சள் சிட்டிகை, பிரண்டை வாரம் இருமுறை, வேப்பெண்ணெய் வேண்டாம். எடை குறைக்கும் பொறுப்பை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே டம்ளரில் அளந்து அவர் மட்டும் சோறு வைக்கட்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறிக்கட்டும். இரண்டரை கிலோ இறங்கியதும் மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல நாய்களுக்கு முடிகிறது. சூரணப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், டாக்டர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை நாள் என்பதையும் அதன் மேலேயே எழுதிக் கொண்டுபோங்கள். பல வாரம் கொடுத்திருந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். சட்டென நிறுத்தியதால் நாய் சோர்ந்து படுத்தாலோ வாந்தி எடுத்தாலோ அதற்கும் சிகிச்சை வேண்டியிருக்கும்.